பத்தாயிரம் முகவரி எனக்கு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில், மின்னஞ்சல் மடல் தொடங்கி ஒரே மாதத்தில் பத்தாயிரம் வாசகர்களைப் பிடிப்பது எப்படி என்று ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் எங்கள் பூம்பாறையில் பத்திரிகைக் கட்டு பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முதலில் டீக்கடை பெஞ்சுக்குத்தான் போகும். அங்கேயே உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையாகப் படித்தேன், இரண்டாம் முறை எரிச்சலோடு. டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

கட்டுரையாளர் சொல்லும் வழி சுலபமானது. தங்கும் விடுதி, கண்காட்சி, ஜவுளிக்கடை என்று பதிவேடு இருக்கும் இடத்திலெல்லாம் முகவரிகளைத் திரட்ட வேண்டுமாம். திரட்டிய அத்தனை பேருக்கும் ஒரே நாளில் அனுப்ப வேண்டுமாம். நூற்றுக்குப் பத்துப் பேர் தங்கினாலும் லாபமாம். அவர் இதைச் செய்து பார்த்தாரோ என்னவோ, நான் செய்து பார்த்தவன். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், விடுதிப் பதிவேடு பற்றிய பகுதியை மட்டும் விட்டுவையுங்கள்.

நான் மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து 2020-இல் ஓய்வு பெற்றவன். மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை வரை மேல்மலையில் எந்த வளைவில் எந்தக் கம்பம் சாய்ந்து நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எழுத வந்தது தற்செயல். 2018 நவம்பரில் கஜா புயல் மலையேறி வந்தபோது மரங்கள் விழுந்து பாதைகள் அடைபட்டன. மின்சாரம் இல்லை, செல்போனும் ஊமையாகிவிட்டது. திருப்பூரிலும் கோவையிலும் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் என்ன ஆயிற்றோ என்று தவித்துக்கொண்டிருந்தார்கள். சாமான் எடுக்கக் கொடைக்கானல் போய்வரும்போதெல்லாம், எந்த ஊருக்குப் பாதை திறந்தது, எந்த டிரான்ஸ்பார்மருக்கு உயிர் வந்தது என்று அண்ணன் மகன் அமைத்துக் கொடுத்த வலைப்பூவில் நாலு வரி எழுதிப் போட்டேன். புயல் ஓய்ந்தும் படிக்கிறவர்கள் ஓயவில்லை. பூண்டு விலை, பனி, பஸ் நேரம், குழந்தை வேலப்பர் கோயில் தேர், ஊரில் யார் தவறிப்போனார்கள் என்று எழுத்து வளர்ந்தது. 2021 முதல் அதையே வெள்ளிக்கிழமைதோறும் மின்னஞ்சல் மடலாக அனுப்புகிறேன். இன்றைய கணக்குக்கு 612 பேர். கட்டுரையாளரின் பத்தாயிரத்துக்கு முன்னால் இது மூலைக்குக் காணாது.

இப்போது பதிவேட்டுக் கதை.

2022 மே மாதம், சீசன் நேரம். அப்போது என் பட்டியலில் நூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். பழக்கமான ஒருவரின் தங்கும் விடுதியில் மெயின் ஃபியூஸ் போய்விட்டதென்று கூப்பிட்டிருந்தார்கள். வேலை முடித்துக் கை கழுவும்போது மேசைமேல் அந்தப் பதிவேடு கண்ணில் பட்டது. பெயர், ஊர், வண்டி எண், செல்போன், கடைசிக் கட்டத்தில் மின்னஞ்சல். “எடுத்துக்கொண்டு போங்கள் அண்ணே, சும்மாதானே கிடக்கிறது” என்றார் விடுதிக்காரர். கூலிக்குப் பதில் அதை வாங்கிக்கொண்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இரவு உட்கார்ந்து 340 முகவரிகளைத் தட்டெழுதினேன். “இவர்களெல்லாம் கேட்டார்களா?” என்றாள் மனைவி. “படித்தால் பிடித்துப்போகும்” என்றேன். அவள் மேற்கொண்டு பேசவில்லை. அவள் பேசாமல் போனால் எனக்கு எங்கோ இடிக்கப்போகிறது என்று பொருள், ஆனால் அன்றைக்கு அது உறைக்கவில்லை.

அனுப்பிய அரை மணி நேரத்தில் 41 மடல்கள் திரும்பி வந்தன. சாவி கைக்கு வந்தால் போதுமென்று அவசரத்தில் கிறுக்கியவர்கள், வேண்டுமென்றே தப்பான முகவரி எழுதியவர்கள் என்று எல்லா ரகமும் அந்தப் பதிவேட்டில் இருந்தார்கள். கிடைக்கப்பெற்றவர்களில் 9 பேர், வேண்டாத மடல் என்று புகார் செய்யும் ஸ்பேம் பொத்தானை அழுத்தியிருந்தார்கள். மறுநாள் காலை, மடல் அனுப்பித்தரும் சேவை நிறுவனம் என் கணக்கை நிறுத்திவைத்து, இந்த முகவரிகள் எங்கிருந்து வந்தன என்று விளக்கம் கேட்டது. கணக்குத் திரும்பக் கிடைக்கப் பதினோரு நாள் ஆயிற்று. விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்த நூற்றுச் சொச்சம் பேருக்கும் அந்த வெள்ளிக்கிழமைகளில் மடல் போகவில்லை.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வந்த பதில்களில் ஒன்று இன்றும் தூக்கத்தில் வருகிறது. அதில் திட்டு ஒன்றும் இல்லை. “ஐயா, நான் அந்த விடுதியில் தங்கியது என் வீட்டுக்குத் தெரியாது. மதுரையில் அலுவலக வேலை என்று சொல்லியிருந்தேன். இந்த மின்னஞ்சலை என் மனைவியும் பார்ப்பார். என் முகவரியை உங்களுக்கு யார் கொடுத்தது?” என்று எழுதியிருந்தார். என் மடலின் முதல் வரியே, ‘எங்கள் மலையில் வந்து தங்கிப்போன உங்களுக்கு வணக்கம்’ என்று தொடங்கியிருந்தது. அவர் எதற்கு வந்தார், யாரோடு வந்தார் என்பது அவர் வீட்டு விஷயம். அதை அந்த வீட்டுக்குள் போய் அறிவித்துவிட்டு வரும் வேலையை எனக்கு யார் கொடுத்தது? மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. தட்டெழுதியதை அழித்துவிட்டுப் பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்த விடுதிக்கு வேலைக்குப் போனாலும் மேசைப் பக்கம் திரும்புவதில்லை.

இந்த வித்தை ஒன்றும் புதிதில்லை. 1978 மே மாதம் அமெரிக்காவில் கணினி விற்பனையாளர் கேரி துர்க், கேட்காமலே சுமார் 400 பேருக்கு ஒரே நேரத்தில் விளம்பர மடல் அனுப்பி வாங்கிக்கட்டிக்கொண்டார். ஸ்பேமின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். நாற்பத்துநாலு வருடம் கழித்துப் பூம்பாறையிலிருந்து நான் 340 பேருக்கு அனுப்பியிருக்கிறேன். பரம்பரை விடுமா?

கட்டுரையில் ஒரு வரிகூட இடம்பெறாத விஷயம் ஒன்று உண்டு. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் மொத்தமாக மடல் அனுப்புகிறவர்களுக்குக் கட்டுப்பாடுகளை இறுக்கிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் ஐயாயிரத்துக்கு மேல் அனுப்புகிறவர், அந்த மடல் தன் பெயரில் தான்தான் அனுப்பியது என்பதற்கு எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற மூன்று சான்றுகளையும் வைத்திருக்க வேண்டும். நம்மைப் போன்ற சில்லறை ஆட்களுக்கும் முதலிரண்டில் ஒன்றாவது கட்டாயம். பெரிய அளவில் அனுப்புகிறவரின் விளம்பர, சந்தா மடல்களில் ஒரே அழுத்தில் விலகிக்கொள்ள வழி இருக்க வேண்டும். விலகுகிறேன் என்றவரை இரண்டு நாளுக்குள் விடுவிக்க வேண்டும். ஸ்பேம் என்று புகார் செய்பவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. கட்டுரையாளரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பத்தாயிரம் பேருக்கு அனுப்பி முப்பது பேர் புகார் பொத்தானை அழுத்தினால் கதை முடிந்தது. என்னுடைய 340-க்கு 9 என்பது சதவீதத்தில் இரண்டரைக்கும் மேல். ஒருமுறை பெயர் கெட்டுவிட்டால், ஆசையாகக் கேட்டவருக்கு அனுப்புவதும் ஸ்பேம் பெட்டிக்குள்தான் போய் விழும்.

சட்டமும் வந்துவிட்டது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்தக் காரியத்துக்கென்று சொல்லிச் சம்மதம் வாங்கினோமோ அந்தக் காரியத்துக்குத்தான் தகவலைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. அறை எடுக்கக் கொடுத்த முகவரி பூண்டு விலை கேட்கக் கொடுத்த முகவரி ஆகாது. சம்மதத்தைக் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

விலகும் வழி என்றதும் என்னுடைய இன்னொரு முட்டாள்தனம் ஞாபகத்துக்கு வருகிறது. தமிழில் மடல் அனுப்புகிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது, ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் எந்த வழிகாட்டியிலும் நான் பார்த்ததில்லை. ஒரு மடலின் எழுத்தும் அலங்காரமும் சேர்ந்து சுமார் 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் அத்தோடு நறுக்கிவிட்டு, மீதியைப் பார்க்க ஒரு இணைப்பைக் காட்டும். இப்போது மடல்களில் வழக்கமாகப் பயன்படும் யூனிகோடு முறையில் (யூ.டி.எஃப்-8) நம் எழுத்துகள் பிடிக்கும் இடத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் பூண்டுக்கு ஆறு எழுத்து, ஆறு பைட். தமிழில் ‘பூண்டு’ என்று எழுதினால் ப, ஊகாரக் குறி, ண, புள்ளி, ட, உகாரக் குறி என்று அதுவும் ஆறு துண்டுதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆகப் பதினெட்டு. ஒரே சரக்குக்கு நாம் மூன்று மடங்கு இடம் எடுக்கிறோம். இதோடு வேறு மென்பொருளில் எழுதி அப்படியே கொண்டுவந்து ஒட்டினால், கண்ணுக்குத் தெரியாத அலங்காரக் குறிகளும் கூடவே வந்து ஏறிக்கொள்ளும். படங்களைத்தான் எல்லோரும் சந்தேகிப்பார்கள். படம் வேறிடத்தில் இருந்து மடலுக்குள் காட்டப்படுவதால் அது இந்தக் கணக்கில் வராது.

நான் தேர்த் திருவிழா பற்றி நீட்டி முழக்கிய ஒரு மடல் இப்படி நறுக்குப்பட்டுப் போயிற்று. விலகுவதற்கான இணைப்பை எல்லோரையும் போலக் கடைசி வரியில்தான் வைத்திருந்தேன். அதுவும் நறுக்கிய பக்கம் போய்விட்டது. விலக நினைத்தவர் கதவைத் தேடிப் பார்த்திருக்கிறார், காணோம். கைக்கு எட்டியது ஸ்பேம் பொத்தான், அழுத்திவிட்டார். குற்றம் யாருடையது? அன்றிலிருந்து ‘இந்த மடல் வேண்டாமென்றால் இங்கே அழுத்துங்கள்’ என்ற வரி என் மடலின் உச்சியில், வணக்கத்துக்கு அடுத்து இருக்கிறது. வாசலிலேயே வழியனுப்பு விழாவா என்று அண்ணன் மகன் கிண்டல் செய்கிறான். வைத்த பிறகு விலகுகிறவர்கள் கூடவில்லை. புகார்தான் நின்றது.

சரி, 612 பேர் எப்படி வந்தார்கள் என்று கேட்பீர்கள். முதலில், மலையில் இருப்பவர்கள் இதில் மிகக் குறைவு. இங்கே பலருக்கு மின்னஞ்சல் முகவரி என்பது செல்போன் வாங்கிய அன்று கடைக்காரப் பையன் போட்டுக் கொடுத்தது. முகவரி என்ன, கடவுச்சொல் என்ன என்று அவனுக்கும் ஞாபகம் இருக்காது, இவர்களுக்கும் தெரியாது. எங்கள் தெருவில் ஒரு அக்காவின் முகவரி, முன்பு அதே போனை வைத்திருந்த யாரோ ஒருவர் பெயரில் இருக்கிறது. அதனால் மலைக்காரர்களுக்கு அச்செடுத்த ஒரு தாள் டீக்கடையில் ஒட்டப்படும், அவ்வளவுதான். மடல் போவது வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு.

டீக்கடையில் தொடக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தேன். விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் எழுதிவிட்டுப் போனார்கள். ஒரு எழுத்து புரளும், அல்லது ஒரு புள்ளி விடுபடும். இப்போது முகவரி கொடுத்தவருக்கு முதலில் ஒரே ஒரு வரி போகும்: “இந்த மடலைக் கேட்டது நீங்கள்தானா? ஆமென்றால் இதை அழுத்துங்கள்.” அழுத்தினால்தான் பட்டியலில் பெயர் ஏறும். பத்துப் பேரில் இரண்டு மூன்று பேர் அழுத்துவதில்லை. இழப்பு என்று கட்டுரையாளர் எழுதுவார். தப்பாக எழுதப்பட்ட முகவரியும் மனமில்லாத ஆளும் வாசலிலேயே நின்றுவிட்டது எனக்கு எந்த விதத்தில் இழப்பு?

ஒரே வாரத்தில் அதிகம் பேர் வந்தது ஒரு மடலால். மலைப்பூண்டை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று எழுதியிருந்தேன். தண்டோடு சேர்த்துக் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டுப் புகை ஏற்றினால் மாதக்கணக்கில் கெடாது. எங்கள் அம்மா கட்டுகளை இடம் மாற்றி மாற்றித் தொங்கவிடுவாள், எல்லாவற்றிலும் புகை படவேண்டும் என்பதற்காக. அந்தப் பரணுக்கு அடியில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள், பள்ளிக்கூடச் சட்டைகூடப் புகையும் பூண்டுமாக நாறும். துபாயில் இருக்கும் ஒருவர், சட்டை பற்றிய வரியைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்கவில்லை என்று எழுதினார். அவர் தன் உறவுக்காரர்களுக்கு அனுப்ப, அவர்கள் மற்றவர்களுக்கு அனுப்ப, அந்த வாரம் 38 பேர் சேர்ந்தார்கள். 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதைப் பற்றி இணையத்தில் தேடுகிறவர்களும் வலைப்பூவில் இருக்கும் அந்தப் பக்கத்துக்கு வந்து விழுகிறார்கள். அந்தப் பக்கத்தின் அடியில், எந்தக் கிழமை, எதைப் பற்றி மடல் வரும் என்று இரண்டு வரியும் முகவரி எழுத ஒரு கட்டமும் வைத்திருக்கிறேன். மாதத்துக்கு நாலைந்து பேர் அதன் வழியாக வருகிறார்கள்.

தலைப்பு விஷயத்திலும் அடிபட்டுத்தான் கற்றேன். முதலில் ‘மலைமடல் 14’, ‘மலைமடல் 15’ என்று போட்டுக்கொண்டிருந்தேன். ஏதோ கோயில் கமிட்டிச் சுற்றறிக்கை என்று நினைத்துத் திறக்கவே இல்லை என்றார் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் ஒரு தம்பி. உடனே எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். மாலை பஸ் நேரம் மாறியதற்கு, ‘ஊரில் ஓர் அதிர்ச்சி’ என்று தலைப்பு வைத்தேன். சென்னையிலிருந்து ஒரு பெண் அழுதுகொண்டே தொலைபேசியில் கூப்பிட்டாள். அவளுடைய அப்பா படுத்த படுக்கையாக இருந்த நேரம் அது. இப்போது ‘விதைப்பூண்டு: வாங்கலாமா, பொறுக்கலாமா’, ‘பூம்பாறைப் பாதையில் மண்சரிவு’ என்று உள்ளே இருப்பதைத்தான் வெளியே எழுதுகிறேன். செல்போன் திரையில் நம் சொற்கள் மூன்று நான்குதான் தெரியும். விஷயம் முதல் சொல்லிலேயே வந்துவிட வேண்டும்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை வைத்துப் பெருமைப்படச் சொல்கிறது கட்டுரை. 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதிக்குப் பிறகு, அதைப் பயன்படுத்துகிறவர்கள் மடலைத் தொடாவிட்டாலும் திறந்ததாகவே கணக்கில் ஏறும். நான் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். வெள்ளி இரவு எத்தனை பதில் வருகிறது என்று பார்ப்பேன். ஏழெட்டு வந்தால் மடல் உருப்படி. ஒன்றும் வராத வாரமும் உண்டு, மலைக்கு வரும் வண்டிகளுக்கான இ-பாஸ் விதிகளை விளக்கி எழுதிய வாரம் போல.

வாட்ஸ்ஆப் குழு போதாதா என்று கேட்காத ஆள் இல்லை. குழுவும் இருக்கிறது. அதில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே துக்கச் செய்தி நசுங்கிப்போகிறது. அதோடு, அடுத்தவர் இடத்தில் கூட்டிய கூட்டம் அந்த இடத்தோடு போய்விடும். என் வலைப்பூவின் முதல் 64 மின்னஞ்சல் வாசகர்கள் வலைப்பூப் பதிவுகளை மின்னஞ்சலில் அனுப்பித்தந்த கூகுளின் ஃபீட்பர்னர் சேவை வழியாக வந்தவர்கள். 2021 ஜூலையில் அந்த மின்னஞ்சல் வசதி நிறுத்தப்பட்டது. முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள், நான்தான் கவனிக்கவில்லை. ஒரு வாசகர் சொல்லிக் கடைசி நேரத்தில் பட்டியலை இறக்கி வைத்துக்கொண்டேன். 2024 பிப்ரவரியில் டைனிலெட்டர் என்ற மடல் அனுப்பும் சேவையும் மூடப்பட்டது. ஆகவே மாதக் கடைசியில் தவறாமல் பட்டியலை இறக்கி ஒரு பென்டிரைவில் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிடுகிறேன். போன சீசனில் வேன் ஏஜெண்ட் ஒருவர் அதற்கு விலை பேசிப் பார்த்தார். இந்த முறை மனைவி பேசினாள், நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். கட்டுரையாளர் பதிவேட்டு யோசனையை அடுத்த இணைப்பிதழில் திரும்பப் பெற வேண்டும். விடுதி வைத்திருப்பவர்களும் உங்கள் வாசகர்கள்தான், பதிவேட்டைத் தூக்கிக் கொடுப்பவர்களும் அவர்கள்தான் என்பதால் அவர்கள் கண்ணில் படும்படி போடுங்கள். மற்றொன்று, சென்ற ஆடியில் உங்கள் இணையதளத்தில் ஒரு போட்டிக்காக என் முகவரியைக் கொடுத்தேன். அன்று முதல் ஜோசியம், சமையல், வீட்டுமனை என்று ஐந்து விதமான மடல்கள் வந்துகொண்டிருக்கின்றன. விலகும் இணைப்பை அழுத்தினால் கடவுச்சொல் கேட்கிறது. எனக்குக் கடவுச்சொல் கொடுக்கப்பட்டதாக ஞாபகம் இல்லை.

இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என் மின்னஞ்சல் முகவரியை அச்சிட வேண்டாம். மடல் வேண்டுமென்று யாராவது உங்களைக் கேட்டால், பூம்பாறை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் வயர்மேன் வீடு எது என்று கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
பூம்பாறை, கொடைக்கானல் மேல்மலை.